விறகு பாய்லர்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மார்கழி நெருங்கினால் நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள வெல்டிங் பட்டறைகளில் வெந்நீர் பாய்லர் கேட்டு ஆட்கள் வருவது வழக்கம். பழைய இரும்பு டிரம், நடுவில் புகைபோக்கி, கீழே அடுப்பு, பக்கவாட்டில் ஒரு குழாய், வேலை முடிந்தது. முந்திரி விறகுக்கும் சவுக்கு மிலாறுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலில் சாய்ந்த மரங்கள் எத்தனை நாள் அடுப்பெரித்தன என்பது பண்ணுருட்டிப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். விறகில் வெந்நீர் போடுவதை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் எதிர்க்கவில்லை. மூடிய பாய்லரையும், அதை வீட்டுக்குள் வைத்து எரிப்பதையும்தான் எதிர்க்கிறோம்.

பாட்டி காலத்துச் செம்பு பாய்லரில் மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும். அந்த மூக்குக்கு அடைப்பே கிடையாது. ஆவி உள்ளே சேர வழியில்லாமல் செய்தவர் கெட்டிக்காரர்.

இன்றைய டிரம் பாய்லருக்கு மாடித் தொட்டியிலிருந்து நேரே பைப் இழுக்கிறார்கள். வெந்நீர் தொட்டிக்குத் திரும்பி ஏறுகிறதே என்று ஒரு நான்-ரிட்டர்ன் வால்வையும் போடுகிறார்கள். வினை இந்த வால்வில்தான் இருக்கிறது. குளியலறைக் குழாயையும் மூடிவிட்டால் சூட்டில் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கீசர் என்றால் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடும். அடுப்பில் வைத்த விறகை யார் நிறுத்துவது? அழுத்தம் ஏற ஏற, 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். வெல்டிங் விட்டுக்கொடுத்த நொடியில் அதில் ஒரு பகுதி குபீரென்று ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். தின்னரும் எண்ணெயும் இருந்த டிரம்மைக் கழுவாமல் கேஸ் கட்டிங் செய்யும்போது பட்டறையிலேயே வெடிக்கும் ஆபத்து தனி.

பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் நடந்த விபத்தில் ஆறு தொழிலாளர்கள் அன்றே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் மேலும் சிலர் பின்னர் இறந்தார்கள். சட்டமும் ஆய்வாளரும் சான்றிதழும் உள்ள இடத்திலேயே அப்படி. பட்டறை டிரம்முக்கு இவற்றில் எதுவும் கிடையாது. 100 டிகிரிக்குக் கீழ் தண்ணீர் சூடாக்கும் கலங்கள் கொதிகலன் சட்டத்துக்குள் வருவதில்லை. வால்வு போட்ட டிரம் அந்த 100-ஐத் தாண்டாது என்று யாரும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கும்படி மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது புகை. பழுப்பு நிலக்கரியிலிருந்து இங்கே தயாரான லெக்கோ கட்டிகள் புகையில்லாமல் எரிந்தன. அந்தப் பழக்கத்தில், புகை வராவிட்டால் கெடுதல் இல்லை என்ற நினைப்பு நம்மிடம் தங்கிவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தென்கொரியாவில் தரைக்கடியில் கரிக்கட்டி எரித்து வீட்டைச் சூடாக்கிய காலத்தில் இந்த வாயு ஏராளமானவர்களைத் தூக்கத்திலேயே கொன்றது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில் குளிருக்காக அறைக்குள் பார்பிக்யூ கரி மூட்டிவிட்டுப் படுத்த இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. நமக்கு அந்தக் குளிர் இல்லைதான். ஆனால் ஜன்னல் சாத்திய குளியலறைக்குள் கங்கு கனன்றால் நெய்வேலியும் கொடைக்கானலும் ஒன்றே.

எனவே விறகு அடுப்பு கொல்லைப்புறத்தில், திறந்த வெளியில் மட்டும் இருக்கட்டும். வீட்டில் நிலக்கரி எரிக்கவே வேண்டாம். வாடகை வீட்டில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் சோலார் ஹீட்டர் வாங்கச் சொல்வது நடக்காத பேச்சு. அவருக்குத் திறந்த அண்டா போதும், அதுவே பத்திரம். ஏற்கெனவே மூடிய பாய்லர் வைத்திருப்பவர்கள் டிரம்மின் உச்சியிலிருந்து மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே, வழியில் எந்த வால்வும் இல்லாமல், ஒரு இரும்புக் குழாயைத் திறந்த வாயோடு ஏற்ற வேண்டும். அந்தக் குழாய் ஏறும்வரை அதில் தீ மூட்டக் கூடாது.