பழைய கூடு, புதிய எஞ்சின்

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் சில சமயம் விசித்திரமான ஒரு கார் தென்படும். வெளியே பார்த்தால் 1932ஆம் வருடத்து ஃபோர்டு கூபே. உள்ளே ஏ.சி., பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர். இதற்கு 'ஹாட் ராட்' என்று பெயர். பழமையைக் கெடுத்துவிட்டார்களே என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். டிப்ளமோ முடித்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ரயில்வே பணிமனையில் இருந்தவன் என்ற முறையில், நான் அவர்கள் கட்சி இல்லை.

ஹாட் ராட் பிறந்ததே மாற்றத்தில்தான். 1930களில் தெற்குக் கலிபோர்னியா வாலிபர்கள் மலிவாகக் கிடைத்த பழைய கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932 ஃபோர்டு அவர்களைக் கவர்ந்ததற்குக் காரணம், சாமானியர் வாங்கும் விலையில் வந்த அதன் வி-8 எஞ்சின். நம் ஊட்டி மலை ரயிலுக்கும் கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின்களைப் பொன்மலையில் கட்டிக் கொடுத்தார்கள். அதனால் அந்த ரயிலின் அழகு குறைந்துவிட்டதா?

என் கவலை வேறு. அந்த ஃபோர்டு எஞ்சினின் சக்தி 65 குதிரைத்திறன். இன்று அதே கூட்டில் 300 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றுகிறார்கள். அன்றைய பிரேக்கோ கம்பி இழுப்பில் வேலை செய்தது; ஃபோர்டு கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் 1939 மாடலில்தான் வந்தது. வேகம் இரு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே டிஸ்க் பிரேக், பலப்படுத்திய சேஸிஸ், சீட் பெல்ட் ஆகியவை முதலில், ஏ.சி. அப்புறம். இன்னொன்று, அசல் நிலையில் மிஞ்சியிருக்கும் காரை வெட்டக் கூடாது. அதே வடிவத்தில் புதிதாகச் செய்த கூடுகளே அங்கே விலைக்குக் கிடைக்கின்றன.

இதைப் பார்த்து, அப்பா விட்டுச்சென்ற பியட்டையும் அம்பாசிடரையும் இங்கே மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் நிர்ணயித்து, பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021இல் வந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதியோ, 50 வருடத்துக்கு மேலாகியும் அசல் வடிவில் காப்பாற்றப்பட்ட வண்டிக்கு மட்டுமே பொருந்தும். எஞ்சினையும் கூட்டையும் மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் தொல்லை வேறு.

அமெரிக்காவில் ஹாட் ராட் கட்டுவது கலை என்றே சொல்வேன். இங்கே, அப்பாவின் வண்டியை அவர் ஓட்டியபடியே வைத்து, பிரேக்கையும் டயரையும் மட்டும் சீராக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்கள் எழுதலாம். விவாதிக்கத் தயாராக இருக்கிறேன்.