கப்பல் ஒளியட்டும், பாதுகாப்பும் ஒளியணுமா?

அரக்கோணம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு மேலே பறக்கிற கடற்படை விமானம் புதுசு இல்லை. 1992ல் திறந்த ராஜாளி தளத்திலிருந்து கிளம்பும் அந்த விமானங்களுக்கு முக்கிய வேலையே, கடலடியில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கிகளைத் தேடுவதுதான். பதுங்கினால்தான் நீர்மூழ்கிக்குப் பலம். ஆகவே நம்ம "அரிஹந்த்" இன்று எந்தக் கடலில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

ஆனால் அந்தக் கப்பலோடு சேர்த்து மற்ற எல்லாவற்றையும் கடலுக்குள் முக்கி வைத்தால் எப்படி?

சங்கதியைப் பாருங்கள். பல வருஷமாக இந்தத் திட்டத்துக்கு டெல்லி வைத்திருந்த பெயர் "உயர் தொழில்நுட்பக் கலம்". என்ன கலம், பித்தளையா எவர்சில்வரா? கேட்டால் பதில் கிடையாது. 2009 ஜூலை 26ந் தேதி விசாகப்பட்டினத்தில், அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கின் மனைவி குர்சரண் கவுர் தேங்காய் உடைத்துக் கப்பலைத் தண்ணீரில் இறக்கி வைத்தார். அடுத்த மாதமே இன்னொரு பூதம் கிளம்பியது. இந்தக் கப்பல் உலைக்கு மாதிரி உலை நம்ம கல்பாக்கத்திலேயே 2006 முதல் ஓடுகிறதாம்! மூணு வருஷம் கழித்துத்தான் நிருபர்களை உள்ளே விட்டுக் காட்டினார்கள்.

2016ல் கப்பலைக் கடற்படையில் சேர்த்தார்கள். சத்தமே இல்லை. 2018 ஜனவரியில், மூடி திறந்து கிடந்து தண்ணீர் புகுந்ததால் கப்பல் மாதக்கணக்கில் முடங்கியது என்று பத்திரிகையில் செய்தி வந்தது. என்ன நடந்தது என்று அரசு விளக்க அறிக்கை விடவில்லை. அதே வருஷம் நவம்பர் 5ந் தேதி, அரிஹந்த் முதல் ரோந்தை முடித்துத் திரும்பியது என்று பிரதமர் மோடியே அறிவித்தார். ஜனவரியில் வாய்ப்பூட்டு, நவம்பரில் தண்டோரா!

சரி, உலை பத்திரமாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? சாதாரண மின் உலைகளைப் பார்க்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. கல்பாக்கம் மாதிரி உலையைக் கட்டியது பாபா அணு ஆராய்ச்சி மையம். 2000ம் ஆண்டிலேயே அந்த மையத்தின் நிலையங்களை வாரியத்தின் பார்வையிலிருந்து எடுத்து, மையத்துக்குள்ளேயே ஒரு குழுவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் நடந்த தப்பை அதே ஸ்டேஷன் ஏட்டு விசாரிக்கிற கதைதான்.

சொன்னால் எதிரிக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்பார்கள். பிரிட்டனில் பிளிமத் நகரத்தில் அணு நீர்மூழ்கிகளைப் பழுது பார்க்கும் துறைமுகம் இருக்கிறது. விபத்து நடந்தால் என்ன செய்யணும் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள். அயோடின் மாத்திரைகூட முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். அதனால் பிரிட்டன் கடற்படை கவிழ்ந்துவிட்டதா?

மறைத்தவன் கதையும் உண்டு. 1985 ஆகஸ்ட் 10ந் தேதி, ரஷ்யாவின் விளாடிவஸ்டாக் அருகே ஒரு நீர்மூழ்கியில் எரிபொருள் மாற்றும்போது உலை வெடித்து 10 பேர் செத்தார்கள். சோவியத் அரசு அதைப் பல வருஷம் மூடி வைத்தது.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற விஷயம் என்று வேலூர்க்காரர்கள் தள்ளிவிட முடியாது. தோல் ஷாப்புத் தண்ணீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்து இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவனுக்கே, கெடுத்தவனே நஷ்டம் கட்டணும் என்று கோர்ட் சொன்னது. நாடு முழுக்க வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அது. ஆம்பூர் ஷாப்பு முதலாளிக்கு ஒரு சட்டம், அணு உலை நடத்துகிற சர்க்காருக்கு வேறு சட்டமா?

2024 ஆகஸ்ட் 29ந் தேதி "அரிகாத்" என்ற இரண்டாவது கப்பலும் சேர்ந்துவிட்டது. கப்பல் கூடக் கூட உலையும் கூடும். ஆகவே வாரியம் போல வெளியே இருக்கிற ஒரு குழு இந்த உலைகளைப் பார்க்கட்டும். பழுது, விபத்து, செலவு எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாவது நாடாளுமன்றக் குழு முன்னால் போகட்டும். கல்பாக்கத்திலும் விசாகப்பட்டினத்திலும் உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு, சைரன் ஊதினால் எந்தப் பக்கம் ஓடணும் என்று ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கட்டும். கப்பல் நிற்கிற இடத்தை அதில் போட வேண்டாம்.