வீட்டிலிருந்தே நூலகத்துக்குள்...



பட்டமேற்படிப்பைத் தொடரும் சகோதரி ஒருவர் அண்மையில் மனம் நொந்து பேசினார். மடியில் ஆறு மாதக் குழந்தை. ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு மாதங்களே மீதம். தேவையான கட்டுரையை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டார். திறக்கப் போனால், "வாசிக்க 35 டொலர்" என்கிறது. "கெம்பஸில் இருந்தபோது சும்மா திறந்ததே! படிப்பையே விட்டுவிடலாமா என்றிருக்கிறது" என்றார்.

இப்படி எத்தனை பேர் வீட்டுக்குள் இருந்து கவலைப்படுகிறார்களோ! ஆனால் இதற்காகப் படிப்பை விட வேண்டியதில்லை.

நடப்பது இதுதான். ஆய்வுச் சஞ்சிகைகளுக்குப் பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்துகிறது. ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் ஓர் இலக்க முகவரி உண்டு. வளாகத்து முகவரியிலிருந்து வருபவரை வெளியீட்டாளர் கேள்வியின்றி உள்ளே விடுகிறார். உங்கள் வீட்டு இணைப்பின் முகவரியோ வேறு. எனவே நீங்கள் அவருக்கு அந்நியர். நீங்கள் அந்தப் பல்கலைக்கழக மாணவி என்று காட்டிவிட்டால் போதும், கதவு திறக்கும்.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, புரொக்சி. நூலகத்தின் இணையத்தளத்தில் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், நூலகமே உங்களுக்காகக் கட்டுரையை வாங்கித் தரும். இதற்குப் பல நாடுகளிலும் பயன்படும் 'ஈஸிபுரொக்சி' மென்பொருளை 1999இல் உருவாக்கியவரும் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள ஒரு கல்லூரி நூலகர்தான். இரண்டாவது, வீ.பி.என். இது உங்கள் கணனியை வளாகத்து வலையமைப்போடு இணைத்துவிடும். மூன்றாவது, வெளியீட்டாளரின் பக்கத்திலேயே 'நிறுவனம் மூலம் நுழைக' என்பதைத் தெரிந்து, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி நுழைவது. எல்லா இடங்களிலும் மூன்றும் இருக்காது. உங்களுக்கு எது உண்டு என்பதை நூலகத்திடம் கேட்டறியுங்கள்.

பலர் தவறுவது தொடக்கத்தில்தான். கூகுளில் தேடி நேரே உள்ளே போகப் பார்க்கிறார்கள். நூலகப் பக்கத்திலிருந்தே புறப்படுங்கள். 'கூகுள் ஸ்கொலர்' அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற பகுதி உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் அங்கே இருந்தால் சேர்த்துவிடுங்கள். உங்கள் நூலகத்தில் உள்ள கட்டுரைக்கு அருகே இணைப்புத் தோன்றும். அப்படியும் திறக்கவில்லையென்றால், மாணவர் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா, கணக்குக் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கடவுச்சொல் வீட்டுத் திறப்பைப் போன்றது, தோழிக்கும் கொடுக்காதீர்கள். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரேயடியாக இறக்கிக்கொள்ளவும் வேண்டாம். வெளியீட்டாளர் பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவை மூடிவிடக்கூடும். சுருக்கத்தை வாசித்து, தேவையானதை மட்டும் எடுங்கள். டேட்டாவும் மிச்சமாகும்.

கடவுச்சொல்லே இல்லாதவர்கள் என்ன செய்வது? 2008இல் தொடங்கிய 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் நம் நாட்டு ஆய்வுச் சஞ்சிகைகளை இலவசமாக வாசிக்கலாம். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' தளம் இருக்கிறது. கட்டுரையை எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டாலும் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

அந்தச் சகோதரியின் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? வெட்கத்தை விட்டு நூலகத்துக்கு நான்கு வரி எழுதினார். கணக்குக் காலாவதியாகியிருந்தது. புதுப்பித்துக் கொடுத்தார்கள். அன்றிரவு குழந்தை தூங்கிய பின் அந்தக் கட்டுரையைத் திறந்து வாசித்தார், ஒரு சதமும் செலவில்லாமல்.

கேட்பதில் குறைவில்லை, சகோதரிகளே. உங்களுக்கு உதவத்தான் நூலகர் இருக்கிறார். வீட்டில் படிக்கும் மகளோ மருமகளோ இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.