படத்தின் குற்றத்துக்கு முயலுக்குத் தண்டனை

புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்ற நீர்ச் சவாரியை 2023 ஜனவரியில் இழுத்து மூடினார்கள். மூடிய கையோடு, அந்தச் சவாரியில் ஓடிய தண்ணீர் இதுதான் என்று போத்தலில் அடைத்து ஈபேயில் விலைக்குப் போட்டார்கள் சிலர். மதிய இடைவேளையில் சட்டத்தரணிகளின் சிற்றுண்டிச்சாலையில் இந்தக் கதையைச் சொன்னபோது என் கனிஷ்ட சட்டத்தரணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“சேர், புதுக்கடைக் கோட்டில காணி வழக்கு முப்பது வருசமா இழுபடுது. அதுக்கு அழ ஆளில்லை. ஒரு இராட்டினத்துக்கு இவ்வளவு அழுகையா?”

கேள்வி நியாயம்தான். ஆனால் முறைப்பாட்டை வாசித்துப் பார்க்காமல் வழக்கைத் தள்ளிவிடும் பழக்கம் எனக்கில்லை. அதுவும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு ஒருவராவது கனடாவில் இருக்கிற காலம் இது. விடுமுறைக்குப் புளோரிடா போய் வந்த பிள்ளைகள் வட்ஸ்அப்பில் கொப்பாட்டன் சொத்துப் பறிபோனது போல இந்தச் சவாரியைப் பற்றி முறையிடுகிறார்கள். என்னதான் நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

பழைய சவாரியில் நானும் ஏறியிருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் மகளின் கலியாணத்துக்குப் போயிருந்தபோது, எல்லோருமாகப் புளோரிடாவுக்கும் ஒரு நடை போய் வந்தோம். “சித்தப்பா, நீங்கள் முன்னுக்கு இருங்கோ” என்று அவள் மரியாதையாக விட்டுக்கொடுத்த ஆசனம்தான் ஆகக் கூடுதலாக நனையும் ஆசனம்.

குடைந்த மரக்குற்றி வடிவில் ஒரு படகு. பாதி நேரம் அது ஆடி அசைந்துதான் போகும். இரு கரையிலும் தவளையும் வாத்தும் பாடும். வீட்டைவிட்டுப் புறப்பட்ட முயலொன்றை நரியும் கரடியும் துரத்துகின்றன. முயல் தேனில் அகப்படுகிறது, கட்டிப் போடுகிறார்கள். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த பாட்டு அடங்கி இருட்டு வருகிறது. படகு செங்குத்தாக மேலே ஏறும்போது உச்சியில் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் குந்தியிருந்து, இனி உன் கதை முடிந்தது என்று நக்கலடிக்கின்றன. கறுப்புக் கோட்டோடு நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, தோற்கப் போகிற கட்சிக்காரனைப் பார்க்கும் எங்கள் ஆட்களைப் போலவே எனக்குப் பட்டது. பக்கத்தில், நரியின் கையில் முயல். என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்த முட்புதருக்குள் மட்டும் எறிந்துவிடாதே என்று கெஞ்சுகிறது. நரி எறிகிறது. ஐம்பது அடி கீழே விழுகிறோம். முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான். அது தப்பிவிட்டது, நாங்கள் தோய்ந்துவிட்டோம்.

கவனியுங்கள், அந்த விழுகைக்கு ஒரு காரணம் இருந்தது. பலசாலியை ஏமாற்றி எளியவன் உயிர் பிழைக்கும் இடம் அது. வயிற்றைக் கலக்கும் அந்த நொடியில் நாங்களும் முயலாகவே இருந்தோம். ரசிகர்கள் அழுவது இதற்குத்தான்.

இனி எதிர்த்தரப்பு. இந்த முயல் கதைகளை டிஸ்னி எடுத்தது 1946இல் தானே தயாரித்த ‘சோங் ஒஃப் த சவுத்’ படத்திலிருந்து. ரீமஸ் மாமா என்ற கறுப்பின முதியவர் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்குத் தோட்டத்தில் கதை சொல்கிறார். அடிமை முறையின் காயம் ஆறாத தெற்கு மாநிலத்தை, எல்லோரும் பாடிக்கொண்டு சந்தோசமாக இருந்த இடமாகக் காட்டியது அந்தப் படம். வெளிவந்த காலத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. இதைவிட ஒரு சாட்சியம் போதும்: ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குப் போகவில்லை. இனப் பிரிவினைச் சட்டம் இருந்த நகரத்தில் அவருக்கு இடமில்லை. 1948இல் அவருக்குக் கௌரவ ஒஸ்கார் கொடுத்தார்கள்; அதே வருடம் இறந்துபோனார். அமெரிக்காவில் இன்றுவரை அந்தப் படத்தை வீட்டில் பார்க்கும்படி டிஸ்னி வெளியிட்டதில்லை.

2020 மே மாதம் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரால் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, சவாரியின் கதையை மாற்றப்போவதாக டிஸ்னி அறிவித்தது. 2009இல் வந்த ‘இளவரசியும் தவளையும்’ படத்தின் தியானா, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி, முயலின் இடத்துக்கு வந்தாள். பழைய படத்தை எதிர்த்த தரப்பின் வாதம் முழுக்கச் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

எனக்குள்ள கேள்வி ஒன்றுதான்: முயல் என்ன செய்தது?

அந்த முயலை உண்டாக்கியது டிஸ்னியும் அல்ல, அந்தக் கதைகளை 1880இல் புத்தகமாக்கிய ஜோயல் சாண்ட்லர் ஹரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளரும் அல்ல. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தங்களோடு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த முயல் அது. சவுக்கு வைத்திருப்பவனை நேரே எதிர்க்க முடியாதவர்கள், இரவில் பிள்ளைகளுக்குச் சொன்ன தந்திரக் கதைகள் அவை. ஜோர்ஜியாவில் ஹரிஸ் பிறந்த அதே ஈட்டன்டன் ஊரில் பிறந்தவர் எழுத்தாளர் அலிஸ் வோக்கர். தன் முன்னோரின் சொத்தை ஹரிஸ் களவாடிவிட்டார் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. களவு போன பொருளை மீட்டு உரியவரிடம் கொடுப்பதுதான் நீதி என்று எங்களுக்குச் சட்டக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். டிஸ்னி என்ன செய்தது? களவு போன பொருளையே குப்பையில் போட்டது.

இந்த முயல் எங்களுக்கும் அந்நியன் அல்ல. நரி தாரில் ஒரு பொம்மை செய்துவைக்க, முயல் அதை அடித்து, கையும் காலும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்வதுதான் ஹரிஸின் கதைகளில் ஆகப் பிரபலமானது. (சவாரியில் தாரை எடுத்துவிட்டுத் தேன் ஆக்கினார்கள், தார்ப் பொம்மை என்பது கறுப்பர்களை இழிக்கும் வசையாகிவிட்டதால் வந்த மாற்றம். 1989இலேயே அந்தளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.) புத்த ஜாதகக் கதைகளில் பஞ்சாயுத ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். தக்கசீலத்தில் படித்து முடித்துத் திரும்பும் இளவரசனைக் காட்டில் ஓர் அரக்கன் மறிக்கிறான். உடம்பெல்லாம் பசை பிடித்த மயிர். விட்ட அம்பெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. வாள், ஈட்டி, தண்டாயுதம் எல்லாம் ஒட்டுகிறது. வலக்கையால் குத்தினால் வலக்கை, இடக்கையால் குத்தினால் இடக்கை, பிறகு இரண்டு கால், கடைசியில் தலை. அப்படித் தொங்கிக்கொண்டும் இளவரசன் பயப்படவில்லை. தனக்குள் ஒரு வச்சிராயுதம் இருக்கிறது, தின்றால் உன் வயிறு கிழியும் என்கிறான். அரக்கன் விட்டுவிடுகிறான். தார்ப் பொம்மைக்கு மூலம் இதுதான் என்று 1892இலேயே நாட்டார் கதை ஆய்வாளர் ஜோசப் ஜேக்கப்ஸ் எழுதிவிட்டார். இல்லை, ஆபிரிக்காவில்தான் பிறந்தது என்று வாதாடுகிற அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு நடக்கட்டும்.

இப்படியான ஜாதகக் கதைகளைக் காட்டும் புறக்கோட்டை வெசாக் பந்தலுக்குப் புதுக்கடையிலிருந்து நடந்தே போகலாம். சின்ன வயதில் எனக்குச் சிங்களக் கவி பாதிதான் விளங்கும். ஆனாலும் ஒலிபெருக்கியில் கவி ஓட, ஒவ்வொரு படமாக வெளிச்சம் விழ, கதை விளங்கிவிடும். அரக்கன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தால் போதும். பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் செப்புத் தகடு அடித்த மர உருளை ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். தகடு கம்பியைத் தொடும் நேரம் பல்பு எரியும், விட்டதும் அணையும். முன்பக்கத்து மாயமெல்லாம் பின்பக்கத்தில் அந்த உருளையின் கடகடச் சத்தம்தான். வருடத்துக்கு வருடம் கதையை மாற்றுவார்கள், படத்தை மாற்றுவார்கள், பல்பின் நிறத்தை மாற்றுவார்கள். எந்த வருடமும் அரக்கன் இல்லாத பந்தலை நான் கண்டதில்லை.

தியானாவின் சவாரியில் அரக்கன் இல்லை. 2024 ஜூன் 28ஆம் திகதி புளோரிடாவிலும், நவம்பர் 15ஆம் திகதி கலிபோர்னியாவிலும் திறந்தார்கள். முழுச் சவாரியையும் யூடியூபில் பார்த்தேன். பொம்மைகள் அபாரம், தியானா திரும்பிப் பார்த்துப் பேசும்போது உயிருள்ள மனுசி போலவே இருக்கிறது. படத்தில் குரல் கொடுத்த அனிக்கா நோனி ரோஸே இங்கும் பேசுகிறார். நியூ ஓர்லியன்ஸ் இசையில் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் கதை? மார்டி கிரா திருவிழா விருந்துக்கு வாத்தியக்காரர் போதாது. தேடிப் போகிறோம். வழியில் வாத்தியம் வாசிக்கும் மிருகங்கள் கிடைக்கின்றன. மாமா ஓடி என்ற மந்திரக்காரி எங்களைத் தவளை அளவுக்குச் சுருக்குகிறாள். பழைய அளவுக்குத் திரும்புவதற்காக அந்த ஐம்பது அடி. பிறகு விருந்து.

வாத்தியக்காரர் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? விருந்து கொஞ்சம் பிந்தும். அதற்கா ஐம்பது அடி விழ வேண்டும்?

இத்தனைக்கும் மூலப் படத்தில் டாக்டர் ஃபசிலியே என்ற நல்ல முரட்டு வில்லன் இருக்கிறான். நிழல்களை ஏவி வேலை வாங்கும் சூனியக்காரன். இருட்டான ஏற்றத்துக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? படத்தின் முடிவில் அவன் ஒழிந்துபோனான், சவாரியோ அதற்குப் பிந்திய கதை, ஆகவே சேர்க்க இடமில்லை என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. செத்த அரக்கர் திரும்பி வராத கதை உலகத்தில் எங்கே இருக்கிறது?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரசிகர்களின் ஆவேசத்துக்குள் வேறொரு ஆவேசமும் ஒளிந்திருக்கிறது. கறுப்பினப் பெண்ணொருத்தி நடு நாயகமாக நிற்பதையே பொறுக்காதவர்கள், ‘நாங்கள் கதைக்காகத்தான் கவலைப்படுகிறோம்’ என்று வேடம் போட்டு வந்தார்கள். அவர்களுடைய மனுவை விசாரணைக்கே எடுக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்பதற்காகக் கூட்டம் முழுவதையும் விரட்டியடிப்பதும் தப்பு. தியானாவை ஆசையோடு எதிர்பார்த்துப் போய், ஏமாந்து திரும்பியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவளுக்கு ஒரு சவாரி கிடைத்தது, எதிரி கிடைக்கவில்லை. முயலுக்கு நரியைக் கொடுத்தவர்கள், தியானாவுக்கு விருந்து அழைப்பிதழ் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். இதுவும் ஒருவித அவமரியாதைதான்.

பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்ற வாதமும் நிற்காது. கலிபோர்னியாவில் 1989இல் ஸ்பிளாஷ் மவுண்டனைத் திறந்தபோது, உள்ளே பாடிய மிருகங்களில் பெரும்பகுதி புதியவை அல்ல. 1974இலிருந்து 1988வரை ஓடிய ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற காட்சியை மூடி, அங்கிருந்த பொம்மைகளைக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். அன்றைக்கு அதற்காக அழுதவர்களும் இருந்திருப்பார்கள். புளோரிடாவில் ‘ஃபிக்மென்ட்’ என்ற குட்டிப் பறவைநாகம் வரும் சவாரியை மாற்றி, அதை மூலையில் ஒதுக்கி 1999இல் திறந்தார்கள். சனம் போட்ட சத்தத்தில் 2002இல் ஃபிக்மென்டைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறும் உண்டு: 2017இல் கலிபோர்னியாவில் பேய் ஹோட்டல் லிஃப்ட் சவாரியை விண்வெளிச் சாகச நாயகர்களின் கதையாக மாற்றியபோது வசை மழை பொழிந்தது. இன்றைக்கு அதை விரும்புகிறவர்கள் ஏராளம். அங்கே லிஃப்ட் விழுவதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

கனிஷ்டருக்கு இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. “அப்ப தீர்ப்பு என்ன சேர்?” என்றார்.

படம் குற்றவாளி; அது பெட்டிக்குள் கிடக்கட்டும். முயல் நிரபராதி. அதன் கதையைக் கறுப்பினக் கதைசொல்லிகள் கையில் கொடுத்து, அவர்களுக்கு விருப்பமானால் வேறொரு சவாரி கட்டட்டும். தியானா இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அவளை இறக்கிவிட்டு முயலை ஏற்று என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த இருட்டு ஏற்றத்தில் டாக்டர் ஃபசிலியேயைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். ஃபிக்மென்டுக்காக மூன்று வருடத்தில் மனம் மாறியவர்களுக்கு இது முடியாத காரியமல்ல. இதற்கிடையில் பழைய சவாரியைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் டோக்கியோவுக்குப் போகலாம். அங்கே வேறு நிறுவனம் நடத்தும் டிஸ்னிலாந்தில் ஸ்பிளாஷ் மவுண்டன் இன்னும் ஓடுகிறது.