மஞ்சள் இலைக்கு மருந்து இல்லை!

வெண்டைச் செடியின் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால், அந்தச் செடியைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்கும் கிடையாது. இந்த உண்மை விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும்.

திருத்தணியை அடுத்த கனகம்மாசத்திரம் பக்கத்தில் காய்கறி பயிரிடுகிறவர், இலை மஞ்சளானதும் எங்கே போவார்? மருந்துக் கடைக்குத்தான்! கடைக்காரர் ஒரு புட்டி கொடுப்பார். பயன் இல்லையென்றால் அடுத்த வாரம் வேறொரு புட்டி. செடி தேறாது, கடன்தான் ஏறும்.

நோய்க்குக் காரணம் வைரஸ் கிருமி. அதைச் செடிக்குச் செடி சுமப்பது, எள்ளினும் சிறிய வெள்ளை ஈ. பூச்சி மருந்து ஈயைக் கொல்லலாம். செடிக்குள் புகுந்துவிட்ட கிருமியை ஒன்றும் செய்யாது.

அளவு மீறி மருந்து அடித்ததன் பலனை, எல்லைக்கு அப்பால் ஆந்திரம் கண்டிருக்கிறது. 1980-களின் நடுவில் குண்டூர்ப் பருத்திக் காடுகளில் பைரித்ராய்டு மருந்துகளைக் கொட்டினார்கள். ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகள் மடிந்தன; வெள்ளை ஈ பெருகியது. 2015-ல் பஞ்சாபில் ஓயாமல் மருந்து அடித்தும் பருத்தி பாழாயிற்று.

பூசணி, முலாம்பழம் பயிரிடுகிறவர்களும் விழித்துக்கொள்ள வேண்டும். 1990-களில் டில்லித் தக்காளியில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ், 2012-ல் ஸ்பெயின் நாட்டில் சீமைச் சுரைக்காயைத் தாக்கியது. பின்னர் முலாம்பழத்தையும் பிடித்தது. கடல் தாண்டிய கிருமிக்கு வரப்பு ஒரு தடையா?

மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குரிய காலம், செடி இளசாக இருக்கும் முதல் சில வாரங்களே. அப்போதும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ அதற்குப் பழகிவிடும். வயலைச் சுற்றி மக்காச்சோளம் விதைப்பது, ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, நோய் கண்ட முதல் செடியை அன்றே பிடுங்கி அழிப்பது, களை எடுப்பது: இவைதான் காவல். முதல் செடியைப் பிடுங்க மனம் வராதவர், பின்னால் வயலையே இழக்க நேரும்.

எல்லாவற்றுக்கும் மேலானது விதை. நோயைத் தாங்கும் என்று பெங்களூரில் உருவாக்கிய அர்கா அனாமிகா வெண்டையும் பல இடங்களில் நோய்க்குப் பணிந்துவிட்டது. இன்று இந்த மண்ணில் எந்த விதை தாங்குகிறது? இதைச் சோதித்துப் பார்த்து, விதைப்புக்கு முன்பே ஊர் ஊராகச் சொல்ல வேண்டியது தோட்டக்கலைத் துறையின் கடமை.

விவசாயிக்கு ஆலோசகர் கடைக்காரரா, அரசாங்கமா? இதற்கு அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் காகிதத்தில் அல்ல, வயலில் தெரிய வேண்டும்!