வாங்கிக் கொடுப்பது யார்?

அம்மா அப்பாக்களே, உங்களில் ஒருத்தியாகத்தான் கேட்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பள்ளி விட்டு வரும் பிள்ளை பையை இறக்குவதற்குள் கையில் குளிர்பான பாட்டிலைத் திணிக்கிறோம். "பாவம், களைச்சுப்போய் வந்திருக்கான்" என்கிறோம். அதே வாயால், "கவர்மென்ட் இதையெல்லாம் ஏன் தடை பண்ண மாட்டேங்குது?" என்றும் கேட்கிறோம்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. அந்த 50 மீட்டரைத் தாண்டி, பிறந்தநாள் என்று வகுப்புக்கே சாக்லேட் கொடுத்தனுப்புவது பெட்டிக்கடைக்காரரா, நாமா?

வரியும் இருக்கிறது. சோடா கலந்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதம். ஆனால் 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. விலை குறைகிறது என்று மகிழ்ந்தோமே தவிர, பிள்ளைகள் தின்னும் இனிப்புக்கு ஏன் இந்தச் சலுகை என்று எத்தனை பேர் கேட்டோம்?

வரி போட்டு எதுவும் மாறாது என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே 2018 ஏப்ரலில் வந்த குளிர்பான வரியில், 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே கிடையாது. 8 கிராமைத் தொட்டால் வரி இன்னும் கூடும். 2016-லேயே அறிவித்துவிட்டதால், வரி அமலுக்கு வருமுன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நம் வரியில் இந்தப் பிடி இல்லை. சர்க்கரை நிறைய இருந்தாலும் துளியும் இல்லாவிட்டாலும் அதே 40 சதவீதம்தான். பிறகு எந்தக் கம்பெனி குறைக்கும்? சர்க்கரையின் அளவைப் பார்த்து வரி போடுங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

எந்த வரியும் நம் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கப் போவதில்லை. 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏழெட்டு டீஸ்பூன்! நாள் முழுவதற்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கே சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு வயதுப் பிள்ளை என்ன ஆகும்? 100 மில்லியில் எத்தனை கிராம் என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அரை மதிப்பெண்ணுக்காக டீச்சரிடம் மல்லுக்கு நிற்கும் நமக்கு அதைத் திருப்பிப் பார்க்க நேரமில்லையா? தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், மோர் கொடுங்கள். அடம் பிடித்து அழுதால் கொஞ்ச நேரம் அழட்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ரேங்க் பற்றிப் பேசுவதற்கு முன், கேன்டீனில் என்ன விற்கிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள். வாசல் கடைகளில் விதி மீறப்பட்டால், நாலு பேராகச் சேர்ந்து கையெழுத்திட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.