மருந்தும் மூடிய கதவும்

நோய் வந்தால் "தலையெழுத்து" என்பதும், நோய் தீர்ந்தால் "கைராசி" என்பதும் நம் மக்களுக்கு வழக்கமாயிருக்கின்றது. மருந்து யாரால், எந்தப் படிப்பினால் உண்டாயிற்று என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. "பெண்ணுக்கு இரசாயன சாஸ்திரம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கோ குறைவில்லை. இவர்கள் அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேட்கட்டும்.

நியூயார்க்கில் 1918-ல் பிறந்தவர் ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார். அவருக்கு வயது 15 ஆகையில் பாட்டனார் புற்றுநோயால் மாண்டார். அவர் விதி என்று அழுது ஓயாமல், இந்நோய்க்கு மருந்து காணவே இரசாயனம் படிக்கத் துணிந்தார். தகப்பனாரோ 1929-ம் வருஷப் பங்கு வீழ்ச்சியில் பொருளை இழந்தவர். ஹண்டர் கல்லூரியில் சம்பளமில்லாமல் படிக்க முடிந்ததால்தான் 1937-ல் பட்டம் கிடைத்தது.

பிறகு என்ன நடந்தது? மேற்படிப்புக்கு உதவித் தொகை கேட்டார், கிடைக்கவில்லை. வேலை கேட்டார்; ஆய்வுசாலையில் பெண் இருந்தால் ஆண்களின் கவனம் கலையும் என்றார்கள். கவனம் கலைவது ஆணுக்கு, தண்டனை பெண்ணுக்கு! இது எந்த ஊர் நியாயம்? பகலில் பள்ளியில் பாடம் சொல்லி, இரவிலும் விடுமுறையிலும் ஆராய்ச்சி செய்து 1941-ல் எம்.எஸ்ஸி. பெற்றார். யுத்தத்தினால் ஆண்களுக்குப் பஞ்சம் வந்த பின்புதான் ஆய்வுசாலைக் கதவுகள் திறந்தன. 1944-ல் பரோஸ் வெல்கம் கம்பெனியில் ஹிட்சிங்ஸ் என்பவரோடு சேர்ந்தார்.

நிற்க, அவர்கள் செய்த வேலை என்ன? உயிரணு பெருகவேண்டுமானால் அதற்குப் பியூரின் என்னும் சரக்கு வேண்டும். கொத்தனுக்குப் பார்வைக்கு ஒன்றாயிருந்தும் சுவரில் பொருந்தாத செங்கல்லைக் கொடுத்தால் கட்டடம் நின்றுபோகுமல்லவா? அதுபோல, ஒரு பியூரினில் ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்து, மெர்காப்டோபியூரின் என்னும் போலிச் சரக்கை அம்மையார் செய்தார். வெறிகொண்டு பெருகும் இரத்தப் புற்றணுக்கள் அதனால் தடைப்பட்டன. 1953-ல் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது.

அதற்கு முன் கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே மாண்டார்கள். இம்மருந்து ஒன்றினால் மட்டும் நோய் முற்றும் ஒழியவில்லை; அடங்கி மறுபடியும் வந்தது. ஆனால் வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கக் கற்றபின், இன்று செல்வ நாடுகளில் அந்நோயின் முக்கிய வகை கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 80-க்கு மேல் பிழைக்கின்றார்கள். 1988-ல் அம்மையாருக்கு நோபல் பரிசும் பங்காகக் கிடைத்தது. ஆராய்ச்சி செய்து வாங்கும் டாக்டர் பட்டம் அவருக்குக் கடைசிவரை இல்லை. வேலையை விட்டு முழு நேரமும் படித்தாலொழிய முடியாது என்றதால் அதைக் கைவிட்டவர் அவர்.

"தடையிருந்தும் ஜெயித்தாரே, பின் சலுகை எதற்கு?" என்று சில புத்திசாலிகள் கேட்கக்கூடும். தடையைத் தாண்டிய ஒருவரைக் காட்டித் தடைக்கு நியாயம் சொல்வது யோக்கியமாகுமா? தாண்ட முடியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கண்டிருக்கக்கூடிய மருந்துகள் எத்தனை? அக்கணக்கை யார் அறிவார்?

ஆகவே, பெண் என்றும், ஏழை என்றும், இன்ன சாதி என்றும் ஒருவரைப் படிப்பின் வாசலில் நிறுத்தினால், நஷ்டம் அவரோடு போவதில்லை. மருந்தில்லாமல் படுக்கையில் கிடக்கும் குழந்தையின் தலையில்தான் அது விழுகின்றது. அக்குழந்தை நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம் என்பதைப் பெற்றோர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.